முப்பது வினாடிக் கண்ணாடி

மோட்டார் சைக்கிளின் பின்னால்
போர்வை சுற்றிக் கட்டி எடுத்துவந்தோம் கண்ணாடியை.
மேட்டிலும் பள்ளத்திலும்
என் முதுகை இடித்துக்கொண்டே வந்தது அது,
இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போன பயணிபோல.

ஏரிக்கரை ஊர். வலை விரித்து ஒமேனா காய்கிறது.
சுண்டுவிரல் நீள மீன்,
காய்ந்தால் வெள்ளிச் சீவல்.
அந்த வாடை கண்ணாடிக்கும் ஏறியிருந்தது.

வேலை எளிது.
மூக்கைத் துடைக்கிற சாக்கில்
ஒன்றரை வயது நெற்றியில்
மஞ்சளாய் ஓர் ஒட்டுப்பொட்டு.
பிறகு கண்ணாடி முன் நிறுத்த வேண்டும்.
முப்பது வினாடி.
கை நெற்றிக்குப் போனால் ஒன்று.
போகாவிட்டால் பூஜ்ஜியம்.
ஒன்று என்றால் பிள்ளைக்குள்
‘நான்’ பிறந்துவிட்டது என்று பொருளாம்.

சூரிக்கில் உடனே பிய்த்தெடுப்பார்கள் என்றாள் ரெகுலா.
ஒரு பையன் தின்றே விட்டானாம்.
ஒட்டுவது நான், எண்ணுவது அவள்.

ஒபோண்டோ ஏழாவதாய் வந்தான்.
முழங்கால் நீரில் கொக்கு நிற்குமே
அப்படி நின்றான்.
கண்ணாடியில் அவன் தன்னைப் பார்க்கவில்லை.
இல்லை, பார்த்தான், ஒரு தரம்.
பொட்டையும் பார்த்தான்.
பிறகு கண்ணாடிக்குள்ளேயே துழாவி
என் கண்ணைப் பிடித்தான்.
நீதானே வைத்தாய்,
இருக்கட்டுமா?

நான் வாய் திறக்கக் கூடாது.
கையேட்டில் நான்காம் பக்கம்.
சுவரில் போன பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
பூஜ்ஜியம்.

அன்றைக்குப் பத்தொன்பது பிள்ளைகள்,
பதினாறு பூஜ்ஜியம்.
ஒருத்தி அழுதாள்,
அம்மா வலை உதறப் போய்விட்டாளே என்று.
அதற்கு ‘விடுபட்டது’ என்று தனிக் கட்டம்.

கிசுமுவில் நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது
மேற்பார்வையாளர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:
அப்பியோ, தன்னம்பிக்கை போதாது,
கேட்டால்தான் பேசுகிறாள்.
கேட்காமல் எதற்குப் பேசுவது
என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை.
அந்தத் தாளை வைத்திருக்கிறேன், ஏனோ.

பொழுது சாயும்போது வந்தாள் ரிஸ்பா,
ஒபோண்டோவின் அம்மா.
கையில் தீப்பெட்டி.
“உங்கள் சாமான் பிள்ளையோடு வந்துவிட்டது.”
உள்ளே, ஒரே ஒரு குச்சியின் பக்கத்தில்,
மஞ்சள் பொட்டு.
எடுக்க மறந்திருக்கிறேன்.
“தூங்கினபிறகுதான் எடுக்க முடிந்தது.
நாள் முழுக்க நெற்றியைத் தொட்டுத் தொட்டு
‘பியோ, பியோ’ என்று
வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான்.”

ரெகுலா என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள்.
செய்தேன்.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.
மறுபடியும் செய்தேன்.
பென்சிலைத் திறந்து மூடினாள்.
படிவத்தின் ஓரத்தில்
ஒரு பெயர் எழுதக்கூட இடமில்லை.

ரிஸ்பா அவள் முகத்தையே பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு. சூரிய விளக்கு.
கண்ணாடிக்குப் போர்வை சுற்றும்போது
பாதி சுற்றி நின்றுவிட்டாள் ரெகுலா.
அவள் வலக் கன்னத்தில்
காலை பத்து மணியிலிருந்து ஒட்டியிருக்கிறது
ஒரு மஞ்சள் பொட்டு.

“எத்தனை பேர் பார்த்தீர்கள்?”
எல்லாரும்.
“ஏன் யாரும் சொல்லவில்லை?”
நீங்களே வைத்ததாக்கும் என்று நினைத்தோம்.

வெளியே தவளைகள்.
போர்வை மூடாத பாதியில்
அவள் தன் முகத்தை விட்டுவிட்டு
என் கண்ணைத் தேடினாள்.

பழக்கதோஷம்,
எண்ணத் தொடங்கியிருந்தேன்.
முப்பது தாண்டிப் போயிற்று,
கை எழவில்லை.